பாயின் விலையும் நன்றியின் பொருளும்

நன்றியுணர்வு ஒரு நற்பண்பு என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் அதை யார், யாரிடம் எதிர்பார்க்கிறார்கள் என்ற கேள்வியை நாம் பெரும்பாலும் எழுப்புவதில்லை. என்னிடம் அக்கேள்வியை எழுப்பியவள் எட்டாந்தர மாணவி ஒருத்தி.

2022 ஆம் ஆண்டு. எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் நாடே வரிசையில் நின்ற காலம். வகுப்பில் பிள்ளைகளின் முகங்கள் வாடியிருந்தன. அவர்களுக்குச் சற்று ஆறுதலாக இருக்கட்டும் என்று, 'இன்று நான் நன்றி சொல்ல வேண்டிய ஐந்து சின்ன விடயங்கள்' எனும் தலைப்பில் எழுதச் சொன்னேன். மழை, கிணற்றுத் தண்ணீர், தேங்காய்ச் சம்பல் என்று பலரும் எழுதினார்கள். அவள் ஐந்தாவதாக 'உம்மா இழைக்கும் பன்பாய்' என்று எழுதியிருந்தாள். அதன் கீழே சிறிய எழுத்தில் ஒரு வரி: "பாய் எடுக்க வந்தவர் மிச்சம் குறைவாகத்தான் காசு தந்தார். அதுக்கும் நன்றி சொல்ல வேணுமா சேர்?"

'சரி' போடப்போன என் சிவப்புப் பேனை அப்படியே நின்றுவிட்டது.

பன்பாய் இழைப்பதை நம் ஊர்களில் வளர்ந்த எவரும் பார்த்திருப்பர். முழங்கால் தண்ணீரில் நின்று பன் வெட்ட வேண்டும். அதை வெயிலில் உலர்த்தி, நிறம் வேண்டியதைச் சாயத்தோடு அவித்தெடுக்க வேண்டும். பின்னர் தரையில் குந்தியிருந்து ஒரு பன்னின் மேல் மறு பன்னாக மாற்றி மாற்றி இழைக்க வேண்டும். தறியில்லை, இயந்திரமில்லை, விரல்கள்தாம். சமையலுக்கும் பிள்ளையின் அழுகைக்கும் இடையே கிடைக்கும் நேரத்தில்தான் ஒரு பாய் வளர்கிறது. கடையில் தொங்கும் பிளாஸ்டிக் பாயின் விலையோடு அது போட்டியிடவும் வேண்டும்.

அம்மாணவியின் தாயிடம் ஒருநாள் இதுபற்றிப் பேசினேன். "என்ன செய்ற சேர், அல்ஹம்துலில்லாஹ், கை காலு நல்லா இரிக்கி" என்றார். அந்த வார்த்தையில் பொய்யில்லை. நல்ல பன் கிடைத்த நாளில் அவர் முகத்தில் தோன்றும் மகிழ்ச்சியும் பொய்யல்ல. சின்னச் சின்ன நன்மைகளைக் கண்டுகொள்ளும் மனம்தான் அவரை நிமிர்த்தி வைத்திருக்கிறது. ஆனால் அதே வார்த்தையைக் குறைந்த விலை கொடுத்தவர் அவரிடம் எதிர்பார்த்தால், அது நன்றியாக இராது, வாய்ப்பூட்டாகிவிடும்.

திருக்குறளின் 11 ஆம் அதிகாரத்துக்குச் 'செய்ந்நன்றியறிதல்' என்று பெயர். அங்கே நன்றி என்பது நாம் இன்று வாயால் சொல்லும் உபசார வார்த்தையல்ல; பிறர் செய்த நன்மை. அந்த நன்மையை அறிவதுதான் பண்பு. அரபு மொழியில் 'சுக்ர்' என்பதற்கு எதிர்ச்சொல் 'குப்ர்'. அதன் வேர்ப்பொருள் மூடி மறைத்தல். விதையை மண்ணால் மூடும் உழவனைக் குறிக்கும் சொல்லொன்றும் அதே வேரில் பிறந்ததே. இரு மொழிகளும் ஒன்றைத்தான் உணர்த்துகின்றன. நன்றி என்பது உள்ளதோடு அடங்கிப்போவதல்ல. நம்மை வந்தடைந்த நன்மையின் பின்னால் யாருடைய கை இருக்கிறது என்பதை மறைக்காமல் அறிவதே நன்றி.

அப்படியானால் பாய்க்கு நன்றி சொல்ல வேண்டியவர் யார்? அதை இழைத்தவரல்ல, அதில் படுத்துறங்குபவர்தான். அந்த நன்றி வாயோடு நின்றுவிடவும் கூடாது, விலையிலும் தெரிய வேண்டும். உழைப்பை அறிந்தவன் அதன் பெறுமதியையும் அறிவான்.

மறுநாள் அவளது கொப்பியில் இப்படி எழுதினேன்: 'உம்மாவுக்கு நன்றி சொல்லுங்கள் மகள். குறைந்த விலைக்கு நன்றி சொல்ல வேண்டியதில்லை. நியாயமான விலையைக் கேட்பது நன்றிகெட்ட தனமுமல்ல.'

எழுதி முடித்தபோது மனம் இலேசாகவில்லை. என் வீட்டு விறாந்தையிலும் ஒரு பன்பாய் கிடக்கிறது. சில வருடங்களுக்கு முன் வாசலுக்குக் கொண்டுவந்த ஒரு பெண்ணிடம் ஐம்பது ரூபாய் குறைத்து வாங்கியது. வாங்கிய கையோடு 'மலிவாய்க் கிடைத்தது, அல்ஹம்துலில்லாஹ்' என்று சொன்னதும் நினைவிருக்கிறது. யாருடைய ஐம்பது ரூபாய்க்காக அன்று இறைவனைப் புகழ்ந்தேன் என்பதை அந்தப் பிள்ளையின் ஒற்றை வரி வரும்வரை நான் யோசிக்கவேயில்லை.