‘அளவில்லை’ என்னும் சொல்லும் வியாபார நாணயமும்

பொய் என்பது யாது என்று கேட்டால், இல்லாததை உண்டென்றும் உள்ளதை இல்லையென்றும் சொல்லுவதே பொய் என்று நம்மில் யாரும் விடை கூறிவிடுவோம். ஆனால், பெரிய எழுத்தில் ஒன்றைச் சொல்லி, அதன் அருகே ஒரு நட்சத்திரக் குறியிட்டு, அக்குறிக்குரிய விளக்கத்தைக் கண்ணுக்கெட்டாத சிறிய எழுத்தில் அடியிலே அச்சிட்டு, அவ்விளக்கத்தினாலேயே மேலே சொன்னதை மறுத்துவிட்டால், அது மெய்யா, பொய்யா? கைப்பேசிக் கம்பெனிகள் ‘அளவில்லா இணையம்’ என்று செய்துவரும் விளம்பரங்களைப் பற்றி எழும் கேள்வி இதுவே.

நான் நெகிரி செம்பிலானில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிராணி வேலை பார்ப்பவன். ஆங்கிலப் பள்ளியில் படித்தவனாகையால், தோட்டத்து மக்களுக்கு வரும் கடிதங்களைப் படித்துப் பொருள் சொல்லும் வேலையும் என்னையே சேர்ந்தது. சென்ற மாதம் ஒரு மாலை, குலை வெட்டும் தோழர் ஒருவர் ஆபீசுக்கு வந்து ஒரு கைப்பேசியை என் மேசைமேல் வைத்தார். எஸ்.பி.எம். பரீட்சைக்குப் படிக்கும் தம் மகளுக்காக, பகாவ் பட்டணத்துக் கடையொன்றில் 35 வெள்ளி கொடுத்து, ‘அளவில்லை’ என்று எழுதியிருந்த மாதத் திட்டம் ஒன்றை வாங்கியிருந்தார். பன்னிரண்டாம் நாள் முதல் பாடக் காணொளி ஓடவில்லை.

“கிராணி ஐயா, அளவில்லை என்று எழுதியிருந்தானே, இப்போது அளவு எங்கேயிருந்து வந்தது? பிள்ளை படம் பார்த்தே எல்லாவற்றையும் தீர்த்துவிட்டாள் என்று நினைத்து, நேற்று அவளை நன்றாக ஏசிவிட்டேன்” என்றார்.

அத்திட்டத்தின் நிபந்தனைகளை வாசித்துப் பார்த்தேன். முதல் 20 ஜிகாபைட் வரையில் முழு வேகம். அதன்பின் மாதம் முடியுமட்டும் வினாடிக்கு 128 கிலோபிட் வேகம். இதற்கு அவர்கள் சூட்டிய பெயர் ‘நியாயமான உபயோகக் கொள்கை’ என்பது. 128 கிலோபிட் வேகத்தில், 300 மெகாபைட் உள்ள ஒரு பாடக் காணொளியை இறக்குவதற்கு ஐந்து மணி நேரத்துக்கு மேலாகும். படிக்கும் பிள்ளைக்கு அது இல்லாததற்குச் சமானமே.

“நாங்கள் அளவுக்கு எல்லை வைக்கவில்லை, வேகத்தைத்தானே குறைத்தோம்” என்பது கம்பெனியார் சொல்லும் முதற் சமாதானம். கணக்கெழுதிப் பிழைப்பவனாகையால் இதையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வினாடிக்கு 128 கிலோபிட் என்றால் 16 கிலோபைட். இரவும் பகலும் ஒரு வினாடிகூட நிறுத்தாமல் முப்பது நாளும் இறக்கினாலும், ஏறக்குறைய 41 ஜிகாபைட்டுக்கு மேல் ஒரு துளியும் வராது. ஆகவே வேகத்துக்கு வைத்த எல்லை, வேஷம் மாறி வந்த அளவின் எல்லையேயாகும். சில திட்டங்களில் முதல் நாளிலிருந்தே வேகத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. வேறு சிலவற்றில், ஒரு கைப்பேசியின் இணையத்தை மற்றொரு கருவிக்குப் பகிர்ந்து கொடுப்பதற்குத் தனி அளவு உண்டு. ஒரே கைப்பேசியை நம்பி மூன்று பிள்ளைகள் படிக்கும் வீட்டில் அதன் பொருள் என்னவென்று சொல்ல வேண்டுவதில்லை.

நிற்க. கம்பெனியார் பக்கத்து நியாயத்தையும் நாம் மறைக்கலாகாது. ஒரு கோபுரத்தின் அலைவரிசையை அதனைச் சூழ்ந்துள்ள மக்கள் அனைவரும் பங்கிட்டே உபயோகிக்கின்றனர். ஒருவர் வரம்பின்றி இழுத்துக்கொண்டால் அண்டை வீட்டார்க்குக் கிடைப்பது குறையும். ஆதலால் வரம்பு வைப்பது தவறன்று என்பதை நானும் ஒப்புகின்றேன். ஆனால், வரம்பு நியாயமானதாயின் அதைப் பெரிய எழுத்தில் எழுதுவதற்கு என்ன தடை? ‘முழு வேகத்தில் 20 ஜிகாபைட், பின்னர் மெதுவான வேகம்’ என்னும் இச்சில சொற்கள் எந்தக் கடைப் பலகையிலும் அடங்குமே! அவ்விதம் எழுதாததற்குக் காரணம் ஒன்றே. வாங்குபவன் ‘அளவில்லை’ என்பதை அதன் சாதாரணப் பொருளிலேயே கொள்ளுவான் என்பதை விற்பவன் அறிவான். அவனுடைய இலாபமும் அப்படிக் கொள்ளுவதிலேதான் இருக்கிறது. பிறர் தவறாகப் புரிந்துகொள்வர் என்று அறிந்தே ஒரு சொல்லைச் சொல்லி, அத்தவற்றினால் பொருள் சேர்ப்பவன், தன் வாக்கியத்தின் ஒவ்வோர் எழுத்தையும் மெய்யென்று நிரூபித்தாலும் பொய்யனே.

“அடியிலே அச்சிட்டிருக்கிறோமே, படியாதது யார் குற்றம்?” என்பது இரண்டாவது சமாதானம். என் ஆபீசு வாசலில், ‘வெட்டும் குலைக்கெல்லாம் கூலி’ என்று பெரிதாக எழுதி, கீழே எறும்பளவு எழுத்தில், ‘நூறு குலைக்கு மேல் அரைக் கூலி’ என்று நான் எழுதினால், சம்பள நாளன்று என்னை யார் மன்னிப்பார்? இந்நாட்டில் தராசுக்கும் படிக்கும் 1972-ஆம் ஆண்டின் நிறுவை அளவைச் சட்டம் இருக்கிறது. தராசுக்குப் பதிலாகச் சொல்லையே வைத்து விற்பவனுக்கு மட்டும் நாணயம் வேண்டாமா? 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டமும், ஒரு கூற்று பயனீட்டாளரைத் தவறான எண்ணத்துக்கு உள்ளாக்கக் கூடியதா என்றே கேட்கிறது. கேட்பவன் மனத்தில் என்ன பொருள் விளைகிறது என்பதே அங்கு உரைகல்.

பிற நாடுகளிலும் இவ்வழக்கு நடந்திருக்கிறது. அமெரிக்காவில் ஏ.டி.அண்டு டி. கம்பெனியின்மீது அந்நாட்டு மத்திய வர்த்தக ஆணையம் 2014-இல் வழக்குத் தொடுத்தது. அளவில்லாத திட்டம் வாங்கிய 35 இலட்சத்துக்கு மேற்பட்ட வாடிக்கைக்காரரின் வேகம் குறைக்கப்பட்டதென்றும், சிலருக்கு ஒரு மாதத்தில் 2 ஜிகாபைட் உபயோகித்தவுடனேயே குறைக்கப்பட்டதென்றும் ஆணையம் கூறியது. 2019-இல் 6 கோடி டாலர் கொடுக்க உடன்பட்டு அக்கம்பெனி வழக்கை முடித்துக்கொண்டது. ஆஸ்திரேலியாவில், ‘அன்லிமிடெட்’ என்று டெல்ஸ்ட்ரா கம்பெனி செய்த விளம்பரம் மக்களை மயக்குவதென்று 2018-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்குத் தொடுத்தது யார் தெரியுமா? அதன் போட்டிக் கம்பெனியாகிய ஆப்டஸ்! ஒருவன் பொய்ப் பலகை வைத்தால், உள்ளதை உள்ளபடி எழுதும் அடுத்த கடைக்காரனும் கெடுகின்றான் என்பதற்கு இதுவே சான்று.

நம்மவருக்கோ இது பழைய அனுபவம். மலாயாவில் ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் நிறுத்தப்படும்வரை, எழுத்தறியாத நம் முன்னோர் பலர், வாயால் சொன்னதை நம்பிக் காகிதத்தில் கைநாட்டு வைத்தனர். கப்பற் செலவு அவர்கள் தலையில் கடனாக ஏறிக் கூலியில் கழிக்கப்பட்டது. அக்கொடுமையையும் இந்த 35 வெள்ளியையும் ஒரே தராசில் வைக்கலாகாது. எனினும் முறை ஒன்றே: காதுக்கு ஒன்று, காகிதத்துக்கு ஒன்று. எழுதப் படிக்கக் கற்றால் ஏமாற்றம் ஒழியும் என்று நம் பெரியோர் நம்பினர். கற்றோம்; எழுத்தைச் சிறிதாக்கிவிட்டனர்!

ஆகவே தோழர்களே, இனிக் கடையில் பணத்தை நீட்டுமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். முழு வேகம் எத்தனை ஜிகாபைட் வரை? அதன்பின் வேகம் எவ்வளவு? வேறு கருவிக்குப் பகிர எவ்வளவு? விடை சொல்லத் தயங்கும் கடையை விட்டு அடுத்த கடைக்குச் செல்லுங்கள். ஆனால், கேட்பது நம் கடமை என்பதனால் சொல்வது அவர்கள் கடமையன்று என்றாகிவிடாது.

அன்று மாலை நான் கணக்கை விளக்கி முடித்ததும் அத்தோழர் எழுந்து, “முதலில் பிள்ளையிடம் போய்ச் சொல்ல வேண்டும், ஐயா, அவள் மேல் குற்றமில்லை” என்று கூறிப் புறப்பட்டார். பொய்ப் பலகை எழுதியவன் ஒருவன். அதற்காக ஏச்சு வாங்கியவள் ஒரு சிறுமி. மன்னிப்புக் கேட்கப் போனவரோ நாள் முழுதும் குலை வெட்டிக் களைத்த தகப்பனார். ‘நியாயமான உபயோகம்’ என்று எழுதி வைத்திருப்பவர்கள் இதிலே நியாயம் எங்கேயிருக்கிறதென்று சொல்லட்டும்.