ஃப்ரீயா இருக்கிறீர்களா?

கர்த்தருக்குள் பிரியமானவர்களே,

சில மாதங்களுக்கு முன் ஒரு சாயங்காலம், ஒரு சகோதரி டவுன் பஸ் ஏறி அபிராமத்துக்கு என்னைத் தேடி வந்தார்கள். நான் காணிக்கைக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். "ஐயா, ஃப்ரீயா இருக்கீங்களா? ஒரு ஜெபம் பண்ணணும்" என்றார்கள். "இன்னைக்கு ஃப்ரீ இல்லைம்மா, ஞாயித்துக்கிழமை வாங்க" என்று சொல்லிவிட்டேன். கையிலிருந்த பஸ் டிக்கெட்டை மடித்தபடி திரும்பிப் போய்விட்டார்கள்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த ஒரு வார்த்தையைக் கொண்டே ஆவியானவர் என்னோடு பேசினார்.

அதை எத்தனை விதமாகச் சொல்கிறோம் பாருங்கள்! வேலையில்லாமல் இருந்தால் ஃப்ரீ. காசில்லாமல் கிடைத்தால் ஃப்ரீ. சர்க்கரை இல்லாத பிஸ்கட் 'சுகர் ஃப்ரீ'. கட்டிலிருந்து விடுபட்டவனும் ஃப்ரீ. நம் வேதம் யோவான் 8:36-ல் விடுதலை என்றும், வெளிப்படுத்தல் 22:17-ல் இலவசம் என்றும் சொல்லுகிறது. ஆங்கில வேதத்தில் இரண்டுக்கும் வேர் இந்த ஒரே ஃப்ரீதான்.

அந்தச் சகோதரியின் டிக்கெட்டும் ஃப்ரீ. 2021 மே மாதம் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு இலவசப் பயணம் வந்தது. டீசல் சும்மா வருமா? அந்தப் பணத்தை அரசாங்கம் போக்குவரத்துக் கழகத்துக்குக் கட்டியது. இரட்சிப்பும் நமக்கு இலவசம். கிரயம் கட்டினவர் கல்வாரியில் தொங்கினார். 1 பேதுரு 1:18, 19 வாசித்துப் பாருங்கள்.

இன்னொன்றும் உண்டு. ஃப்ரீ என்ற சொல் ஆதியில் நேசத்தைக் குறித்த வேரிலிருந்து பிறந்தது. 'ஃப்ரெண்ட்' அதே வேர். சமஸ்கிருதத்திலிருந்து நமக்கு வந்த 'பிரியம்' அதற்குச் சொந்தம். "பிரியமானவர்களே" என்று வாரந்தோறும் எழுதுகிற நான், பிரியத்தோடு வந்தவரை ஃப்ரீ இல்லை என்று அனுப்பினேனே! அன்பினால் ஒருவருக்கொருவர் ஊழியம் செய்யத்தான் விடுதலை என்று கலாத்தியர் 5:13 போதிக்கவில்லையா?

மறுநாள் விடிந்ததும் அவர்கள் ஊருக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "மகன் குடியில கிடக்கான் ஐயா" என்று அழுதார்கள். திண்ணையிலேயே முழங்காலிட்டோம். அந்த மகன் ஃப்ரீயாகும் நாளுக்காக நீங்களும் ஜெபியுங்கள்.

தேவப்பிள்ளையே, இந்த வாரம் ஒருவர் உன் வாசலில் வந்து "ஃப்ரீயா?" என்று கேட்டால், என்ன சொல்லப் போகிறாய்? ஆமென்.