கூண்டை யார் கழற்றுவது?

கோவையில் அவிநாசி ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு டீக்கடை. வாசலில் நல்ல நிழலோடு ஒரு புங்கமரம். அடிமரத்தைச் சுற்றி இரும்புக் கூண்டு. கன்றாக இருந்தபோது ஆடு மாடு கடிக்காமல் இருக்க வைத்தது. இப்போது மரம் பருத்துவிட்டது. கூண்டு பருக்குமா? கம்பி பட்டைக்குள் புதைந்து கிடந்தது. மேலே துருப்பிடித்த தகரத்தில் ‘உபயம்’, ஒரு பெயர், ஒரு போன் நம்பர்.

“ஏனுங்கம்மா, இதைக் கழட்டிவிடக் கூடாதுங்களா?” என்றேன்.

“அது அவிய வெச்சதுங்க. நாம தொட்டா யாராச்சும் வந்து கேப்பாங்க” என்றார் கடைக்கார அம்மா.

“அப்ப மரம் யாருதுங்க?”

“அது எனக்கென்னங்க தெரியும்? நட்டாங்க, போட்டோ புடிச்சாங்க, போயிட்டாங்க. நாலாம் நாளே வாடிப்போச்சு. பாத்துட்டுச் சும்மா இருக்க முடியுங்களா? டம்ளர் கழுவுற தண்ணிய ஊத்துனேன்.”

யோசித்துப் பாருங்கள். நாற்றங்காலில் ஒருவர் வளர்த்தார். ஒருவர் காசு கொடுத்தார். ஒருவர் குழி வெட்டினார். இந்த அம்மா தண்ணீர் ஊற்றினார். யாரும் தன் வேலையில் குறை வைக்கவில்லை. இருந்தும் மரம் நெரிபடுகிறது. இலை சமைக்கிற உணவு பட்டையின் உள்புறமாகத்தான் வேருக்கு இறங்கியாக வேண்டும். அங்கே கம்பி இறுக்கினால் வேர் பட்டினி. இப்போது சொல்லுங்கள்... தப்பு யார் மேல்?

நம் ஊரில் ‘பங்காளி’ என்று ஒரு வார்த்தை உண்டு. பார்ட்னர் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். ஆனால், பங்காளி என்றால் சொத்தில் பங்கு உள்ளவன் மட்டுமா? வீட்டில் ஒரு சாவு விழுந்தால் தீட்டுக் காக்க வேண்டியவனும் அவன்தான். உரிமையும் கடமையும் ஒரே ஆளிடம் இருக்கும். மரம் வைக்கிற கூட்டு முயற்சிகளில் இது இரண்டாகப் பிரிந்துபோகிறது. பெயர் போட்டவருக்கு உரிமை. தண்ணீர் ஊற்றியவருக்குக் கடமை. ஒருத்தர் கவனிப்பதில்லை, இன்னொருத்தர் தொடுவதில்லை!

திருப்பூரில் இதைச் சரியாகப் புரிந்துகொண்டார்கள். 2011-ல் ஐகோர்ட் உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டு, ஊரே தவித்த ஊர் அது. அங்கே 2015-ல் ‘வெற்றி’ அமைப்பு ‘வனத்துக்குள் திருப்பூர்’ என்று ஒரு திட்டம் ஆரம்பித்தது. கன்றும் நடுகிற வேலையும் அவர்கள் பொறுப்பு. தண்ணீரும் வேலியும் நிலத்துக்காரர் பொறுப்பு. மரம் நிலத்துக்காரருக்கு. கன்றுகள் பல லட்சத்தைத் தாண்டிவிட்டன. யார் என்ன செய்வது என்பதோடு, யாருக்கு உரிமை என்பதும் முதல் நாளே பேசி முடிந்துவிடுகிறது.

கென்யாவில் வங்காரி மாத்தாய் 1977-ல் தொடங்கிய பசுமைப் பட்டை இயக்கத்திலும் இந்தத் தெளிவு இருந்தது. கிராமத்துப் பெண்கள் வளர்த்த கன்று பிழைத்தால்தான் அவர்களுக்குச் சிறு தொகை. நட்ட கணக்கு செல்லாது. 2004-ல் அவருக்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது.

சரி, எல்லாவற்றையும் ஒப்பந்தமாகப் போட்டுவிட்டால் போதுமா? டீக்கடை அம்மாவோடு யாரும் ஒப்பந்தம் போடவில்லையே! வாடுவதைக் கண்ட கண் அது. அந்த மனசை எந்தக் காகிதத்திலும் எழுதி வாங்க முடியாது. ஆனால், ‘பெருசானதும் கழட்டிவிடுங்கம்மா’ என்று நட்ட அன்றைக்கே ஒருவர் சொல்லியிருக்கலாம் இல்லையா? அவரிடம் அன்புக்குக் குறைவில்லை. அனுமதிதான் இல்லை.

தகரத்தில் இருந்த நம்பருக்குப் போன் போட்டேன். எடுத்தது மகன்.

“அப்பா வெச்சதுங்க. அவர் போய் மூணு வருஷமாச்சு. மரம் இருக்குதுங்களா?” என்றவர், கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “தாராளமா கழட்டிக்கச் சொல்லுங்க” என்றார்.

எதிர்த்த வெல்டிங் பட்டறைத் தம்பி மெஷினோடு வந்தார். காசு வேண்டாம் என்றுவிட்டார். கம்பியை இழுக்கப் போனவரை, டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு தோட்டக்காரர் தடுத்தார். “உள்ள போனதைப் புடுங்காதீங்க தம்பி, புண்ணு பெருசாயிரும். வெளிய தெரியறத மட்டும் வெட்டுங்க.”

அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. கூண்டு பழைய இரும்புக்குப் போனது. தகரத்தை மட்டும் அந்த அம்மா துடைத்து எடுத்துக் கடைக்குள் மாட்டினார்.

“அதெதுக்குங்க?” என்றேன்.

“அவரும் பங்காளிதானுங்களே” என்றார்.