வலைத்தொழிலில் அறம் உண்டோ?

கொல்லாமை தலையாய அறம் என்பதிற் சைவர்க்குள் இரு கருத்தில்லை. ஆயினும், மீன் பிடித்தலையே பிழைப்பாகப் பெற்றவர் அறத்தின் எல்லைக்கு முற்றும் புறம்பானவரோ என்னும் வினா உளது. கல்முனைக் கரையை அடுத்த பாடசாலைகளிற் கற்பிக்கும் ஆசிரியர்க்கு அஃது ஏட்டு வினாவன்று. வகுப்பறையில் எதிரே அமர்ந்திருக்கும் வினாவாம்.

யாம் ஒருகால் ஒரு வகுப்பிற் கொல்லாமைப் பாடம் நடைபெறக் கேட்டிருந்தோம். உயிர்க்கொலை செய்வோர் நரகெய்துவர் என்று ஆசிரியர் முடித்தார். கடைசி வாங்கில் இருந்த சிறுவனொருவன் தலைகவிழ்ந்தான். அவன் தந்தை அன்று வைகறையில் தோணியேறிச் சென்றமை வகுப்பு முழுதும் அறிந்த செய்தி. ஏனைப் பிள்ளைகள் அவனைத் திரும்பி நோக்கினர். சொல்லிய பாடம் பிழையன்று. ஆனால் அச்சிறுவன் அன்று கற்றது அருளோ, நாணமோ?

இவ்வினாவை ஆராயப் புகுமுன், அத்தந்தையார் வலைவீசும் நீரின் இயல்பை அறிதல் வேண்டும். மட்டக்களப்பு வாவியின் தென்பாகம் கல்முனைப் பக்கம்வரை நீண்டு கிடக்கின்றது. கோடையிற் பெரியகல்லாற்று முகத்துவாரத்தை மணற்றிட்டு அடைத்துவிடும். புரட்டாதி கழிந்து மாரிமழை தொடங்க, வெள்ளம் பெருகி மணலை உடைக்கும். சிலபோது மக்களே வெட்டி விடுவர். வாவியில் வளர்ந்த மணலையும் இறாலும் முட்டையிடுதற்பொருட்டு அவ்வழியாற் கடல் நோக்கிச் செல்வன. கொடுவாவும் முகத்துவாரத்தை நாடி வரும். வட அமெரிக்காவின் மேலைக்கரை ஆறுகளில் இதே பருவத்திற் சால்மன் என்னும் மீன் கடலைவிட்டுத் தான் பிறந்த ஆற்றுக்கு மீண்டு, முட்டையிட்டு இறக்கின்றது. திசை வேறாயினும் நோக்கம் ஒன்றே: தன் வழித்தோன்றலுக்காகச் செய்யும் பயணம்.

அப்பயணத்தின் வாயிலிலே மீன் திரளாகக் கிடைக்கும். அவ்வாயை முற்றும் மறித்து வலை கட்டுவோன் ஓரிரவில் நிறையப் பெறுவன். ஆனால் அவன் கொள்வது வட்டியன்று, முதல். சால்மன் ஆறுகளில் ஒருவர் ஒருநாளில் எத்தனை மீன் கொள்ளலாம் என அரசினர் வரையறுத்துள்ளனர். நம் நாட்டிலும் 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டம் வெடியும் நஞ்சும் இட்டு மீன் கொல்வதைத் தடுத்துளது. எனினும், நள்ளிரவிலே முகத்துவாரத்தில் தனித்து நிற்பவன் கையைச் சட்டம் பிடிக்குமோ? அங்கே அவனைத் தடுப்பது அவன் நெஞ்சு ஒன்றே.

அந்நெஞ்சு இருத்தல் கூடுமோ எனின், அதிபத்த நாயனார் வரலாறு விடை பகரும். நாகப்பட்டினத்து நுளைப்பாடியிற் பரதவர் தலைவராய் வாழ்ந்த அவர், நாடோறும் அகப்பட்ட மீன்களுள் ஒன்றை இறைவனுக்கென்று கடலில் விடுவார். பலநாள் ஒரு மீனே அகப்பட்டது. சுற்றம் பசித்திருந்தது. அவ்வொன்றையும் விட்டார். பின்னர்ப் பொன்மீன் அகப்பட்டபோது அதனையும் விட்டார். அவர் வலையை எறிந்துவிட்டு வந்தவரல்லர்; வலையோடு நின்றே விடக் கற்றவர். அவரையும் அறுபத்து மூவருள் ஒருவராக வைத்துப் போற்றுகின்றோம்.

'மீனை இன்று விடுவது நாளைப் பிடித்தற்கே. அஃது அருளாகாது, வாணிகமே' என்பார் உளர். நாளை மிகுதியாய்ப் பெறுதற்கென்றே விடுவது வாணிகமாகலாம். வீட்டில் உலை ஏறாத நாளில், எவரும் காணாத இடத்தில், கைக்கு வந்ததை விடுவது வாணிகமாகாது. அது கொல்லாமைக்கு ஒப்பாகாது என்பதும் மெய்யே. எனினும் அவ்வறத்தை நோக்கி வைத்த முதலடி அது. அடி வைத்தவனைப் பார்த்து 'நீ சிகரத்தில் இல்லை' என்று இகழ்தல் ஆசிரியர்க்கு அழகன்று.

இகழ்வோர் தம்மையும் நோக்குக. வாங்குவோர் இன்றேல் விற்போர் இலர். முட்டை நிறைந்த மீனைச் சந்தையிலே தேடி, மிகுவிலை கொடுத்து வாங்குவோர் யார்? வலைஞன் மீது முழுப் பழியையும் ஏற்றிவிட்டு இலையின் முன் அமர்வோர்க்கு அவனிலும் பங்கு குறைவோ?

கல்முனைக்குடி, சாய்ந்தமருது ஊர்களின் முஸ்லிம் சகோதரரும் பாண்டிருப்புத் தமிழரும் ஒரே கடலை நம்பி வாழ்பவர். 2004 மார்கழி 26இல் எழுந்த ஆழிப்பேரலை அவரை வேறுபிரித்துப் பார்க்கவில்லை. மக்களை இழந்தவரும் மீண்டும் அக்கடலிலேயே தோணி தள்ளினர்; தள்ளுவித்தது பேராசையன்று, பசி. பசியையும் பேராசையையும் வேறாகக் காணாத அறவுரை எவர் காதிலும் ஏறாது.

ஆதலின் ஆசிரிய அன்பர்களே, கொல்லாமையைக் குறைத்துக் கூறற்க, உயர்த்தியே கூறுக. கூறியபின் அதிபத்தர் வரலாற்றையும் அதே மணியிற் கூறுக. கடைசி வாங்குச் சிறுவன் தலைநிமிர்ந்து வீடு சென்று, 'அப்பா, மாரியில் வாயை மறித்து வலை கட்டாதீர்கள். கொஞ்சம் போக விடுங்கள்' என்று சொல்வானாயின், அன்றே அப்பாடம் நிறைவுற்றதாம்.