சிவப்பு எந்தப் பக்கம்?

கொச்சித் துறைமுகத்தில் ஒரு மாலை, கடல்முகம் வரை போய்வர விசைப்படகு ஒன்று பேசி ஏறினேன். எதிரே பரந்த நீர். படகோட்டியோ சிவப்பு மிதவை ஒன்றை வலப்பக்கம் ஒதுக்கிவிட்டு, வளைந்தே போனார்.

"நேரே போனால் என்ன? தண்ணீர்தானே இருக்கிறது?" என்றேன்.

"மேலே தண்ணீர்தான் ஸார். கீழே இருப்பது மிதவை போட்டவனுக்குத்தான் தெரியும்" என்றார். கடலிலிருந்து உள்ளே வருகிறவனுக்குச் சிவப்பு இடம், பச்சை வலம். வெளியே போகிறவனுக்கு அது மாறும் என்றும் விளக்கினார்.

எனக்குள் இருந்த தர்க்கவாதி விழித்துக்கொண்டான். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் உள்ளே வருகிறவனுக்குச் சிவப்பு வலப்பக்கம் அல்லவா? இடத்துக்கு இடம் மாறும் ஒரு வழக்கத்துக்கு மனிதன் ஏன் கட்டுப்பட வேண்டும்?

வழக்கம் உண்மை அல்ல, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது ஒரு வாக்கு. ஆழம் பார்த்தவன், முகம் தெரியாத அந்நியனுக்குக் கொடுத்த வாக்கு.

1971 ஜனவரியில் ஆங்கிலக் கால்வாயில் 'டெக்சகோ கரீபியன்' என்ற எண்ணெய்க் கப்பல் வேறொரு கப்பலுடன் மோதி மூழ்கிற்று. மறுநாளே 'பிராண்டன்பர்க்' அந்தச் சிதைவில் மோதி மூழ்கிற்று. பிறகு ஒளிக்கப்பல் நிறுத்தி அடையாளம் இட்டார்கள். அப்படியும் பிப்ரவரியில் 'நிக்கி' வந்து மோதியது. அதிலிருந்த அத்தனை பேரும் மாண்டார்கள். அந்நாளில் உலகில் 30-க்கு மேற்பட்ட மிதவை முறைகள் வழக்கில் இருந்தன. ஒருவன் இட்ட அடையாளம் மற்றவனுக்கு விளங்காவிட்டால், இட்டும் பயனில்லை.

1980-இல் டோக்கியோவில் கூடிப் பேசி ஒரே முறைக்கு இசைந்தார்கள். நிறத்தில் உலகம் இரண்டு வட்டாரமாகவே நின்றது. ஆனால் இடப்பக்கத்துக்கு உருளை, வலப்பக்கத்துக்குக் கூம்பு என்ற உருவம் எங்கும் பொதுவாயிற்று.

அப்படியானால் எந்த வழக்கத்தையும் அசைக்கவே கூடாதா? அசைக்கலாம். மணல்திட்டு நகர்ந்தால் மிதவையையும் நகர்த்தத்தான் வேண்டும். நகர்த்தாமல் விட்ட மிதவை, இல்லாத மிதவையைவிடக் கொடியது. ஆனால் நகர்த்துகிறவன் முதலில் ஆழம் பார்க்க வேண்டும். என் தகப்பனாரின் நியமங்கள் பலவற்றை நான் கேலி பேசியே கைவிட்டேன். சில கைவிடத் தக்கவைதாம். ஆனால் அவற்றில் ஒன்றுக்கேனும் ஆழம் பார்த்தேனா?

திரும்புகையில் அதே சிவப்பு மிதவை இடப்பக்கம் வந்தது. "பக்கம் மாறிவிட்டதே!" என்று சிரித்தேன்.

"அது அங்கேயேதான் இருக்கிறது. திரும்பியது நாம், ஸார்" என்றார் படகோட்டி.