ஞானஸ்நானமும் தீமிதியும்

ஒரே மனிதர் இரண்டு சமயங்களுக்கு உண்மையாக இருக்க முடியுமா? இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்கு உட்பட்ட ரீயூனியன் தீவில் இந்தக் கேள்வி அன்றாட வாழ்க்கையாகவே இருக்கிறது. 1848இல் அங்கே அடிமைமுறை ஒழிந்தபின், கரும்புத் தோட்டங்களுக்குப் புதுச்சேரி, காரைக்கால் வழியாகத் தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறினார்கள். 'மலபார்' என்று அழைக்கப்படும் அவர்களுடைய சந்ததியாரில் பலர் மாதா கோயிலில் ஞானஸ்நானம் பெற்றவர்கள். விரதமிருந்து திரௌபதி அம்மனுக்குத் தீ மிதிப்பவர்களும் அவர்களே.

இப்படிப்பட்டவர்களைச் சமூக அறிவியல் தடுமாற்றத்தோடுதான் பார்த்து வந்திருக்கிறது. சிகாகோ சமூகவியலாளர் ராபர்ட் பார்க் 1928இல், இரு பண்பாடுகளுக்கு இடைப்பட்டவரை எதிலும் முழுதாக ஒட்டாமல் விளிம்பில் நிற்பவராகக் கண்டார். பின்னால் கனடிய உளவியலாளர் ஜான் பெர்ரி இதைத் திருத்தினார். தாய்ப் பண்பாட்டைக் காக்கிறாரா, புகுந்த சமூகத்தோடு உறவாடுகிறாரா என்று இரண்டையும் தனித்தனியே கேட்க வேண்டும் என்றார்; ஒன்று கூடினால் மற்றது குறைந்தாக வேண்டியதில்லை. பெரிய முன்னேற்றம்தான். ஆனால் இரண்டாம் கேள்விக்கு, வந்தவரை ஏற்கும் சமூகம் ஒன்று முன்பே அங்கே இருந்தாக வேண்டும். 17ஆம் நூற்றாண்டுவரை ரீயூனியனில் மனிதர் குடியிருக்கவில்லை. பிரெஞ்சுக்காரர், மடகாஸ்கர்காரர், ஆப்பிரிக்கர், தமிழர், குஜராத்தி முஸ்லிம்கள், சீனர் எல்லோருமே வந்தேறியவர்கள். அதிகாரம் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது உண்மை. என்றாலும் இத்தனை பேரும் கலந்து அங்கே உருவான 'கிரியோல்' என்ற கலப்பு வாழ்க்கையில் மலபார்களின் பங்கும் உண்டு. தாமே சேர்ந்து உருவாக்கிய ஒன்றுக்குள் ஒருவர் எவ்வளவு 'தகவமைந்தார்' என்று எதை வைத்து அளப்பது?

அடையாளத்தை ஒருவர் வைத்திருக்கும் உடைமையாக எண்ணுவதால்தான் இந்த முட்டுச்சந்து. யாருக்கு எதைச் செய்யக் கடமைப்பட்டிருக்கிறார் என்று பார்த்தால் ஞானஸ்நானமும் நேர்த்திக்கடனும் முட்டிக்கொள்வதில்லை. முன்னது அவரை ஊரோடு பிணைக்கிறது; பின்னது அம்மனுக்குக் கொடுத்த வாக்கு.

ஞானஸ்நானம் நெருக்கடியில் ஏற்றதுதானே, அதில் பக்தி எங்கே என்று கேட்கலாம். தோட்ட முதலாளிகளும் திருச்சபையும் தந்த அழுத்தத்தை மறுக்க முடியாது. ஆனால் அழுத்தம் தளர்ந்த பிறகும் பல குடும்பங்கள் மாதா கோயிலை விடவில்லை. தொடக்கத்தின் காரணம் தொடர்ச்சியையும் விளக்கிவிடாது. இன்னொரு மறுப்பு கனமானது. கத்தோலிக்க விசுவாசம் ஒரே கடவுளைத்தான் ஏற்கிறது. 1970களுக்குப் பின் தமிழகத்திலிருந்து குருக்கள் வந்து ஆகம வழிபாடு வேரூன்றியபோது, இந்துக்களிலும் சிலர் 'ஏதேனும் ஒன்றைத் தேர்ந்தெடு' என்றார்கள். நம்பிக்கையை உண்மை பற்றிய கூற்றாகக் கொள்பவருக்கு அந்தத் தேர்வு தவிர்க்க முடியாதது. அவருடைய நேர்மையை நான் மதிக்கிறேன். ஆனால் அது கடவுளைப் பற்றிய வழக்கு. குழந்தையை ஞானஸ்நானத்துக்குத் தூக்கிச் சென்ற தாய், அதே குழந்தைக்குக் காய்ச்சல் கண்டபோது மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டால், அவள் மனம் பிளவுபட்டிருக்கிறது என்று அந்த வழக்கின் தீர்ப்பை வைத்து ஆய்வாளர் முடிவுகட்ட முடியாது. இரண்டு இடத்திலும் அவள் நிற்பது ஒரே பிள்ளைக்காக.