இரண்டாம் சாட்சி

மேகமலைக் காடுகளிலிருந்து இறங்கிவரும் சுருளியருவியில் நீராடி, ஆடி அமாவாசையிலும் தை அமாவாசையிலும் பிதிர்களுக்குத் தர்ப்பணம் செய்து, வேலப்பரை வணங்கிச் சுருளிப்பட்டி வழியே ஊர் திரும்பும் யாத்திரிகரை நோக்கி, கண்ணுக்குப் புலப்படாத பரம்பொருளை எதனால் அறிந்தீர் என்று வினவினால், பெரியோர் சொல்லக் கேட்டோம் என்பார் சிலர். உள்ளத்தில் உணர்ந்தோம் என்பார் வேறு சிலர். இவ்விரு விடைகளும் மெய்யாகவே இரண்டுதாமா? இவ்வினாவுக்குப் பள்ளிப் பிள்ளைகள் போடும் நாணயக் கணக்கொன்று நல்ல துணையாகிறது.

தட்சிணைத் தட்டொன்றில் இரண்டு ரூபாய் நாணயங்களும் ஐந்து ரூபாய் நாணயங்களுமாக 29 ரூபாய் இருப்பதாகக் கொள்வோம். இந்த ஒரு செய்தியைக் கொண்டு இரண்டு ரூபாய் பன்னிரண்டும் ஐந்து ரூபாய் ஒன்றும் எனலாம். ஏழும் மூன்றும் எனலாம். இரண்டும் ஐந்தும் எனலாம். நாணயம் துண்டுபடாதது என்னும் இயல்பினாலேயே விடைகள் மூன்றளவில் நின்றன. நாணயங்கள் மொத்தம் 10 என்று மற்றொருவர் எண்ணிச் சொன்னால் ஐயம் நீங்குகிறது: பத்தும் இரண்டு ரூபாயாயின் 20, எஞ்சிய 9, ஐந்து ரூபாய் ஒவ்வொன்றும் மூன்று மிகுதலால் வந்தது, ஆகவே ஐந்து ரூபாய் மூன்று, இரண்டு ரூபாய் ஏழு. ஆனால் அந்த மற்றொருவர், இத்தகைய தட்டு இரண்டு இருப்பின் 58 ரூபாய் ஆகும் என்று மட்டும் சொல்லியிருந்தால், அவர் கூற்று முற்றும் உண்மையாயினும் நம் அறிவு அணுவளவும் வளர்ந்திராது.

1150ஆம் ஆண்டில் பீஜகணிதம் இயற்றிய பாஸ்கராசாரியர், அறியாத எண்களுக்குக் கருமை, நீலம், மஞ்சள் என நிறப்பெயர்களிட்டுச் சமன்பாடுகளை விடுவித்தார். சமன்பாடு குறைந்தவிடத்து விடை பலவாகும் என்பதறிந்து, அங்கே முழு எண்களைக் காணக் குட்டகம் என்னும் முறையைக் கையாண்டார். இக்கணித நியாயம் சமய விசாரத்துக்கும் பொருந்துவதே. சிவஞான சித்தியார் காட்சி, கருதல், உரை என அளவைகளை வகுக்கிறது. வேதாந்திகள் சுருதி, யுக்தி, அனுபவம் என்பர். அளவைகள் பலவாதல் வேண்டுமென்று முன்னோர் கருதியது, ஒன்று அறிவியாததை மற்றொன்று அறிவிக்கும் என்பதனாலன்றோ? கேட்ட உரையையே மனத்தில் உருவேற்றி, அதன் எதிரொலியை அனுபவம் என்று கொள்வோமாயின், நாம் கொணர்ந்தது 58 ரூபாய்க் கூற்றேயாகும். ஆயிரம் பக்தர் ஒருமித்து அதனைக் கூறினும், அது ஆயிரம் மடங்கான ஒரே சாட்சி.

உரை கேளாமலே வளர்ந்தவர் எவருமிலர். அங்ஙனமாயின் தனித்த அனுபவம் எங்கே உளது என்று தடை நிகழ்த்தலாம். தட்டிலுள்ள நாணயம் 10 என்று முன்பே கேள்வியுற்றவனும் தானே எண்ணிப் பார்க்கலாம். எண்ணிய தொகை 11 என்று வந்திருந்தால் 22 போக மீதி 7, மூன்றால் வகுபடாமையின், இரு கூற்றுள் ஒன்று பொய் என்று வெளிப்பட்டிருக்கும். அவ்வாறு வெளிப்பட இடமிருந்தும் வெளிப்படாமையே அவனுடைய எண்ணிக்கைக்குச் சாட்சியத் தகுதியைத் தருகிறது. ஆதலின் மறுக்கும் ஆற்றலற்ற அனுபவம் சாஸ்திரத்தை மெய்ப்பிக்கவும் ஆற்றலற்றது. ஐயுற்று விசாரிக்கும் சீடனைச் சினந்து வாயடைக்கும் குரு, தம் உபதேசத்துக்குக் கிடைக்கவிருந்த இரண்டாம் சாட்சியைத் தாமே விலக்கியவராவார்.